மண்டபம் ஸ்டாப்

ஆலடிப்பேரியில் மண்டபம் என்றால் முதலில் நிழல் என்றுதான் அர்த்தம். ஆற்றங்கரையில் பெயர் மறந்துபோன ஏதோ ஒரு ராஜா பன்னிரண்டு கல்தூண்களை நிறுத்தி, மேலேயும் கல்லையே பரப்பி, சுவர் வைக்க மறந்தோ மனசில்லாமலோ அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். செந்தூருக்குக் காவடி எடுத்து நடந்து போகிறவர்கள் அதில் படுத்து எழுந்து போனார்கள், ஆடு மேய்க்கிறவர்கள் மழைக்கு ஒதுங்கினார்கள், அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த பேராச்சி தலைச்சன் பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி ஆற்றிலிருந்து தண்ணீர்க்குடத்தோடு ஏறி வரும்போது ஒரு தூணில் சாய்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே நடப்பாள். அந்தக் காலத்தில் ஒருத்தரைத் தேடி வந்தவரிடம் அவர் மண்டபத்தில் இருக்கிறார் என்று சொன்னால், வந்தவர் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார், ஏனென்றால் மண்டபத்தில் இருக்கிற ஆள் வெயில் தாழ்ந்ததும் வந்துவிடுவார்.

பிறந்த பிள்ளைக்குக் கொம்பையா என்று பேர் விட்டார்கள். அவனுக்கு ஏழு வயசும் அவன் தங்கச்சி வடிவுக்கு ரெண்டு வயசும் ஆகியிருந்தபோது, அரிசி ஆலைக்காரர் குடும்பத்தார் கீழத்தெரு முடிகிற இடத்தில் வாசலில் ரெண்டு சிமென்ட் யானையும், உள்ளே மேடையும், பின்னால் முன்னூறு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற கூடமுமாக ஒரு கட்டடத்தைக் கட்டி, அதற்கும் மண்டபம் என்றே பேர் வைத்தார்கள். கொஞ்ச நாளைக்கு ஊர் ஜனம் கல்மண்டபம், கல்யாண மண்டபம் என்று பிரித்துச் சொன்னது. பிறகு கல்யாணத்துக்கு யாரும் வீட்டு வாசலில் பந்தல் போடுவதில்லை என்று ஆகி, பொண்ணு பார்த்து முடித்ததும் மண்டபம் கிடைத்ததா என்று கேட்பதே முதல் கேள்வியாகி, கல்மண்டபத்தில் ஆடு மட்டும் மிச்சமானபோது, மண்டபம் என்ற சொல் தன் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையிலிருந்து கீழத்தெருவுக்குக் குடிவந்துவிட்டது.

அதற்கப்புறம் ஒரு பெருமழை வருஷம் வந்தது. ஆறு தெருவுக்குள் ஏறிவிட்டது. பதினோரு நாள் கீழத்தெரு முழுக்க அந்த மண்டபத்தில்தான் உலை வைத்து, சேலையைத் திரையாகக் கட்டி, மணமேடையில் கைக்குழந்தைகளைக் கிடத்தி இருந்தது. அந்தப் பதினோரு நாளும் மண்டபம் என்றால் வீடு. பேராச்சியின் புருஷன் அந்த ஈரத்தில் பிடித்த காய்ச்சலில்தான் போனார். பதினாறாம் நாள் சோற்றை உண்டு முடித்து, துட்டி வீட்டில் எப்படி மடக்க வேண்டுமோ அப்படி, இலையைத் தன்னைவிட்டு விலக்கி எதிர்ப்பக்கமாக மடக்கியபோது, இனி இந்தக் கை இப்படி ஒரு காரியத்தைச் செய்ய வைக்காதே தாயே என்று பேச்சியம்மனிடம் அவள் வேண்டிக்கொண்டாள். கல்யாணத்தில் இலையைத் தன் பக்கமாக மடக்க வேண்டும், துட்டியில் எதிர்ப்பக்கமாக மடக்க வேண்டும். சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் ஒருதரம் எதிர்ப்பக்கம் மடக்கின கை அதை மறப்பதில்லை.

கொம்பையா வளர்ந்து அந்த மண்டபத்திலேயே இலை போடுகிறவன் ஆனான். ஆவுடையப்பன் என்கிற தவசிப்பிள்ளை கல்யாணச் சமையலுக்குப் பேர்போனவர், அவருடைய ஆட்களில் கொம்பையாதான் பந்திக்குப் பொறுப்பு. நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம் வருகிற மாதிரி முன்னூறு இலையை ஒரு மூச்சில் போட்டுத் தண்ணீர் தெளித்து முடிப்பான். எந்த நாற்காலி ஆடும், எந்த மேசைக்கு வடை வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிடும் என்றெல்லாம் அவனுக்கு அத்துப்படி. மூன்றாம் வரிசை ஏழாவது இலைதான் இருப்பதிலேயே சிறந்தது என்பான். காற்றாடி நேர் மேலே, ஆனால் அப்பளம் பறக்காது. அந்த இடத்தில் நீ ஒருநாள் உட்கார்ந்து சாப்பிடணும் என்று பேராச்சி சொல்வாள். பரிமாறுகிறவன் எங்கே உட்கார, என் கல்யாணத்துக்குத்தான் உட்காரணும் என்று அவன் சிரிப்பான்.

பஸ் விஷயம் அந்தச் சமயத்தில்தான் வந்தது. டவுன் பஸ் பஜாரிலேயே திரும்பிப் போய்விடும், கீழத்தெருவுக்கு வராது. ஒன்றரை மைல்தான், நடந்தால் என்ன என்று பஜாரில் இருப்பவர்கள் கேட்டார்கள். பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பஜாருக்கு ஓடும்போது ஐஸ் கம்பெனி மதில் ஓரத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. அதற்கப்புறம் கீழத்தெருவில் மனு எழுதினார்கள். எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று கொம்பையாவை எழுதச் சொன்னார்கள். யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று ஆளாளுக்குப் பேனாவை நகர்த்தியபோது, நீ போடுல, உன்னப் பாத்து மத்தவங்க போடுவாங்க என்று சொன்னவள் பேராச்சிதான். அந்த ஒரு வாக்கியத்தை அவள் பிற்பாடு எத்தனை தரம் வாய்க்குள் திருப்பி இழுத்துப் பார்த்தாள் என்பது அம்மனுக்குத்தான் தெரியும்.

மனுவுக்குப் பதில் வராததால் ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எண்பத்துநாலு பேர் பஜார் ரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து அவர்களை வேனில் ஏற்றிக் கீழத்தெருவுக்கே கொண்டுவந்து மண்டபத்தில் விட்டது. யாரும் பயப்படவில்லை. காலையில் பிடிப்பார்கள், மண்டபத்தில் வைப்பார்கள், மத்தியானம் சோறு போடுவார்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள்; எந்த ஊரிலும் அதுதான் வழக்கம். சொந்த வீட்டுக்கு எதிரேயே நம்மைக் கொண்டுவந்து அடைக்காங்களே, இதுக்கு பஸ் விட்டிருக்கலாம்லா என்று ஒருத்தி சொல்ல, காவலுக்கு நின்ற போலீஸ்காரியும் சேர்ந்து சிரித்தாள்.

மத்தியானம் போலீஸார் சாம்பார் சாதப் பொட்டலம் வாங்கிவரப் போனபோது ஆவுடையப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த மண்டபத்தில் இதுவரை ஒருத்தரும் பொட்டலத்தில் தின்றதில்லை, நான் உசிரோடு இருக்கும்போது அது நடக்காது என்று சொல்லி, பக்கத்து வீடுகளில் அரிசி, பருப்பு வாங்கி அவரே பொங்கிவிட்டார். இலை போட எழுந்த கொம்பையாவைப் பிடித்து நாற்காலியில் அமர்த்தினார்.

"இன்னைக்கு நீ மாப்பிள்ளை வீட்டு ஆளாக்கும். உக்காருல."

அவன் மூன்றாம் வரிசைக்குப் போய் ஏழாவது இலையில் உட்கார்ந்தான். எட்டாவதில் பேராச்சி உட்கார்ந்தாள். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது, பக்கத்தில் ஒரு கை கத்திரிக்காய்க் கூட்டு. அவன் முதல் கவளத்தைப் பிசையும்போது, வாசலில் நின்ற ஒரு போலீஸ்காரர் கையில் இருந்த தாளைப் பார்த்து, கொம்பையா என்கிறது யார், ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எந்திரிக்கக் கூடாது என்று பேராச்சி அவன் முழங்கையைப் பிடித்தாள். போலீஸ்காரருக்கு அது தெரியுமா என்று சிரித்துக்கொண்டே அவன் எழுந்து, கையை உதறினான்.

"இலையைப் பாத்துக்கோம்மா. ரசத்துக்கு வந்துருதேன்."

ரசம் வந்தது, மோர் வந்தது. பேராச்சி தன் இலையில் கை வைக்காமல், அவன் இலைக்கு மேல் ஈ உட்காராமல் உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பேர் வாசித்து எல்லோரையும் விட்டார்கள். அவன் பேரை வாசிக்கவில்லை. இலையை எடுக்க வந்த போலீஸ்காரியிடம், வந்து சாப்பிடுவான், அது கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு பேராச்சி நடந்தே ஸ்டேஷனுக்குப் போனாள். எல்லோரையும் விட்டாயிற்று, உங்கள் மகனையும் விட்டாயிற்று என்று சொல்லி ஒரு நோட்டைக் காட்டினார்கள். எண்பத்துநாலு கையெழுத்து இருந்தது. எண்பத்துநாலாவது கையெழுத்து கோணலாகக் கிடந்தது. என் மகன் எழுத்து முத்து மாதிரி இருக்கும் ஐயா என்று அவள் சொன்னாள். அவசரத்தில் போட்டிருப்பான் என்று அவர்கள் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் அந்த மண்டபத்தில் ஏற்கெனவே நிச்சயித்திருந்த ஒரு கல்யாணம். பந்திக்கு மேசை துடைக்க வந்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். மூன்றாம் வரிசை ஏழாவது இலை அப்போதுதான் அறுத்து வந்த மாதிரி பச்சையாக இருந்தது. சோற்றிலிருந்து ஆவி எழுந்து காற்றாடிக் காற்றில் கலைந்து, திரும்ப எழுந்தது. சாம்பார் ஊசவில்லை. கூட்டு வற்றவில்லை. பிசைந்த இடத்தில் அவன் விரல்கள் அஞ்சும் அப்படியே பதிந்திருந்தன. எடுக்கப் பார்த்தார்கள், இலை மேசையைவிட்டு வரவில்லை. மடக்கப் பார்த்தார்கள், தூக்கத்தில் புரண்டு படுக்கிற பிள்ளை மாதிரி அது மெதுவாகத் திரும்ப விரிந்துகொண்டது. மண்டபத்து மேனேஜர் திருமலையாண்டி வந்து பார்த்துவிட்டு, பெண் வீட்டாரிடம் போய், இன்று பந்திக்கு ஒரு இலை குறைவாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். அன்று இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது பேர் முதல் பந்தியில் சாப்பிட்டு எழுந்தார்கள்.

ஊர் இதை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொன்னால் ஊரில் இல்லாதவர்கள் நம்ப மாட்டார்கள், ஊரில் இருந்தவர்களுக்கு இதில் நம்ப என்ன இருக்கிறது என்று தோன்றும். முதல் மாதம் கல்யாண வீட்டார் அந்த நாற்காலியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்தார்கள். ரெண்டாம் மாதம் ஒரு மாப்பிள்ளையின் அத்தை, ஆறாத சோறு இருக்கிற இடத்தில் கல்யாணம் செய்தால் அந்த வீட்டில் அடுப்பு அணையாது என்று சொன்னாள், அந்த முகூர்த்தத்திலிருந்து ஏழாவது இலைக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று சம்பந்திகளுக்குள் சண்டை வந்தது. பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து ஆவியில் காட்டினார்கள். பிள்ளை இல்லாத பெண்கள் ஒரு பருக்கை எடுத்துப் போனார்கள், எடுத்த இடத்தில் இன்னொரு பருக்கை இருந்தது. திருமலையாண்டி கண்ணாடிப் பெட்டி செய்து மூடினார். கண்ணாடியில் மணிக்கொருதரம் ஆவி படிந்தது, அதைத் துடைத்த துணி காய்ச்சலுக்கு நல்லது என்று அதற்கும் கிராக்கி ஆனது. டீக்கடையில் அது பொன்னியா, அம்பையா என்று அரிசியைப் பற்றி மணிக்கணக்கில் தர்க்கம் நடந்தது. அரிசி கொடுத்த வீட்டுக்காரி என் அரிசி, என் அரிசி என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அது யாருடைய இலை என்று தர்க்கம் செய்ய எதுவும் இல்லை, எல்லோருக்கும் தெரியும், அதனால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆவுடையப்பன் மட்டும் ஒருநாள் கண்ணாடிக்கு முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "முப்பது வருஷம் சாம்பார் வச்சேன், ஒருத்தன் இப்படிக் கும்பிடல. அதுலயும் அன்னைக்கு உப்பு கம்மி." சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவர் பின்கட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் அந்த மண்டபத்தில் அடுப்புப் பற்ற வைக்கவில்லை.

பேராச்சி தினமும் மத்தியானம் ஒரு சொம்பில் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு வருவாள். மிளகு, சீரகத்தை அம்மியில் தட்டி வைத்த ரசம், அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும். கண்ணாடியைத் தூக்கி வைத்துவிட்டு எட்டாவது நாற்காலியில் உட்காருவாள். ஊற்ற மாட்டாள். ரசத்துக்குச் சாப்பிடுகிறவன்தான் சோற்றில் குழி செய்ய வேண்டும், குழி இல்லாத சோற்றில் ஊற்றினால் இலை முழுக்க ஓடி மேசையில் வடிந்துவிடும். அவன் வந்து குழி செய்யட்டும் என்று காத்திருப்பாள். முன்பெல்லாம் அவள் பிரார்த்தனை நீளமாக இருக்கும், தெருவில் உள்ள அத்தனை பேர் வீட்டு நோவும் அதில் வரும். இப்போது அது, தாயே, சூடு ஆறாம வச்சிரு என்ற ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. சூடு இருக்கிற வரைக்கும் அவன் ஒரு நிமிஷத்துக்குத்தான் போயிருக்கிறான்.

இந்த நேரத்தில்தான் சொல் மறுபடியும் புரண்டது. சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளையிடம் கீழத்தெருத் தாய்மார்கள், மண்டபத்துக்கு அனுப்பிருவேன் பாத்துக்கோ என்றார்கள். வெளிநாட்டுக்குப் போய்க் கடுதாசி போடாதவனை, அவன் மண்டபத்துல இருக்கான் என்று சொல்லி உதட்டைப் பிதுக்கினார்கள். அழைப்பிதழ் அச்சடிக்கிறவர் தன் வாடிக்கைக்காரர்களிடம், மண்டபம் என்று போட்டால் வருகிறவர்கள் முகம் மாறுகிறது, வேறு இடம் பாருங்களேன் என்று மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். பைபாஸ் ரோட்டில் ஒருத்தர் குளிர்சாதனம் போட்டு மஹால் கட்டினார். முகூர்த்தமெல்லாம் மஹாலுக்குப் போனது. மண்டபத்தில் கல்யாணம் நின்றது, ஆனால் கூட்டம் நிற்கவில்லை, வெள்ளிக்கிழமை வந்தால் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆறாத சோற்றைப் பார்க்க ஜனம் வந்து இறங்கியது. பஜாரில் இறங்கி ஒன்றரை மைல் நடக்க முடியவில்லை என்று அவர்கள் ஒரே ஒரு தரம் சொன்னார்கள். அடுத்த மாதமே டவுன் பஸ் கீழத்தெருவுக்கு வந்துவிட்டது. முதல் நாள் பஸ்ஸுக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்கள். கண்டக்டர் படியில் நின்று, மண்டபம், மண்டபம் எல்லாம் இறங்கு என்று கூவினார். அந்த பஸ்ஸுக்காக ரோட்டில் உட்கார்ந்த எண்பத்துமூன்று பேரும் அதில்தான் பஜாருக்குப் போய்வந்தார்கள். பேராச்சியைப் பார்த்தால் மற்றவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள், ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

வடிவுக்கு வரன் வந்தது. ஏரல் பக்கத்துக் குடும்பம், நல்ல மனிதர்கள்தான். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். ஒரே ஒரு விஷயம்தான் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒட்டவில்லை. பெண்ணின் அண்ணன் இருக்கிறானா, இல்லையா? இருந்தால் மச்சினன் மோதிரம் போட வரட்டும். இல்லை என்றால் முறைப்படி காரியம் செய்துவிட்டு, தீட்டுக் கழிந்து வருகிறோம். ரெண்டும் இல்லாமல் ஒரு வீட்டில் எப்படிச் சம்பந்தம் வைப்பது, நீங்களே சொல்லுங்க மதினி என்று அந்த அம்மாள் கேட்டாள். கேள்வியில் தப்பில்லை என்பதுதான் பேராச்சிக்குக் கூடுதலாக வலித்தது.

அவள் அனுப்பிய மனுக்களுக்கு ஒன்றரை வருஷம் கழித்து, வைகாசியில், ஒரு விசாரணை அதிகாரி வந்தார். கோபமில்லாத, கண்ணாடி போட்ட, தண்ணீர் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக் குடிக்கிற மனிதர். மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். ஊரே வந்தது. ஏரலிலிருந்து சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தார்கள். அதிகாரி காகிதங்களையும், இலையையும், திரும்பக் காகிதங்களையும் பார்த்தார். உணவருந்த அமர்ந்தார் என்று இருக்கிறது, உணவருந்தி முடித்தார் என்று இல்லை, இலை திறந்திருப்பதால் கோப்பும் திறந்திருக்கிறது என்று சொன்னார். வேறு யார் மடக்கினாலும் விரிந்துகொள்கிறது என்று திருமலையாண்டி எழுதிக் கொடுத்திருந்தார். தாயார் மடக்கினால் படியும் என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. இந்த ஒன்றரை வருஷமாக அவளிடம் யாரும் அதைக் கேட்கவில்லை, ஆனால் கேட்கப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அதிகாரி நிதானமாக விளக்கினார். அம்மா, நீங்கள் இலையை உங்கள் பக்கமாக மடக்கினால், மகன் திரும்பி வந்து சாப்பிட்டு முடித்து, அந்த நோட்டில் உள்ளபடி ஆறு மணிக்குப் போய்விட்டார் என்று நான் எழுதிக்கொள்கிறேன், எங்கேயோ நல்லபடியாக இருக்கிறார் என்று ஆகும். எதிர்ப்பக்கமாக மடக்கினால், காலமாகிவிட்டார் என்று குடும்பத்தார் ஏற்றுக்கொண்டதாக எழுதிக்கொள்கிறேன், அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. எப்படி, எங்கே, யார் கையில் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் உண்டா ஐயா என்று பேராச்சி கேட்டாள். அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இல்லை அம்மா என்றார். பொய் சொல்லாத மனிதர்.

ஒரு பக்கம் மடக்கினால், மகன் பேரில் அந்தக் கையெழுத்தைக் கோணலாகப் போட்டவன் தப்பித்துக்கொள்வான், மறுபக்கம் மடக்கினாலும் அவன்தான் தப்பித்துக்கொள்வான் என்று அவளுக்குப் புரிந்தது. வடிவு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். இருபத்தாறு வயசுப் பெண், பிள்ளை மாதிரி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்றாலும் சரி, எனக்காக மடக்கிரும்மா என்று யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். பேராச்சி மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு எழுந்து கண்ணாடியைத் தூக்கினாள். இலையின் ஓரத்தைத் தொட்டாள். அவள் கைக்கு இலை இடம் கொடுத்தது, துணி மாதிரி நெகிழ்ந்து எழும்பியது, ஊர் முழுக்க ஒரு அடி முன்னால் வந்தது. அவள் அந்த அஞ்சு விரல் தடத்தைப் பார்த்தாள். ஓரத்தைத் திரும்பப் படிய வைத்து, நீவிவிட்டாள்.

"இன்னும் ரசமே ஊத்தல, ஐயா. பந்தி முடியாம எப்படி மடக்க?"

அது சரிதான். மோர் வரைக்கும் போகாமல் இலையை மடக்குகிற வழக்கம் அந்த ஊரில் எந்தச் சாதியிலும், எந்தத் தெருவிலும் இல்லை. அதிகாரி ரசத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கொஞ்ச நேரம் தேடினார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

வடிவு மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை. நாலாவது நாள் பேசினாள், ஆனால் அதில் அம்மா என்ற வார்த்தை வரவில்லை.

ஏரல்காரர்கள் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைப் பையன்தான் பிடிவாதமாக நின்றான் என்றார்கள். ஆவணியில் மஹாலில் கல்யாணம். மச்சினன் போட வேண்டிய மோதிரத்தைச் சித்தப்பா மகன் போட்டான். அழைப்பிதழில் கொம்பையாவின் பேரை எப்படிப் போடுவது என்று தெரியாமல் விட்டிருந்தார்கள். மஹாலில் குளிர் அதிகம், சோறு இலையில் விழுந்ததுமே ஆறியது. பெண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட, எதிரே பேராச்சி உட்கார்ந்திருந்தாள். சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று எல்லாம் ஒழுங்காக வந்தன. வடிவு எதையும் மிச்சம் வைக்காமல், அவசரப்படாமல் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, பட்டுச்சேலையும் மாலையுமாக, இலையின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்து, தன்னைவிட்டு விலக்கி எதிர்ப்பக்கமாக மடக்கினாள்.

மாப்பிள்ளையின் அம்மா போட்டோக்காரர் பக்கம் திரும்பியிருந்தாள். மாப்பிள்ளை பார்த்துவிட்டு, தெரியாமல் செய்துவிட்டாள் என்று நினைத்துக் கையை நீட்டினான். வடிவு அந்த இலையின் மேல் தன் கையை அழுத்தி வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

"யாராவது ஒருத்தர் மடக்கணும்லாம்மா," என்றாள்.

அம்மா என்று சொல்லிவிட்டாள். பேராச்சிக்கு முதலில் அதுதான் காதில் விழுந்தது. மற்றது மெதுவாக வந்து சேர்ந்தது. பரிமாறுகிறவர்களிடம் போய் ஒரு சொம்பில் ரசம் வாங்கிக்கொண்டாள், மகளை ஒருதரம் நெற்றியில் தொட்டுத் திருநீறு பூசினாள், வெயிலில் இறங்கி பைபாஸ் ரோட்டைத் தாண்டி பஸ்ஸுக்கு நின்றாள்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அசலூர்க்காரி எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். மண்டபத்துக்கு என்றாள் பேராச்சி. புதுச்சேலை கட்டியிருப்பதைப் பார்த்து, கல்யாணமா என்று அவள் கேட்டாள். கல்யாணத்தில் இருந்துதான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பேராச்சி சொம்பை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வழி முழுக்க அவளுக்கு ஒரே பயம்தான். மஹாலில் மடக்கின இலைக்கும் மண்டபத்தில் திறந்து கிடக்கிற இலைக்கும் நடுவில் ஏதாவது ஒரு நரம்பு ஓடுமோ, அங்கே தங்கச்சி மடக்கினது இங்கே அண்ணன் சோற்றில் பட்டிருக்குமோ என்று நினைத்தபோது, அம்மனைக் கூப்பிடக்கூட அவளுக்கு நாக்கு எழவில்லை. ஐஸ் கம்பெனி மதிலைத் தாண்டியதும் கண்டக்டர் விசில் ஊதி, மண்டபம், மண்டபம் என்று கூவினார். முன்னால் இருந்தவர்கள் பழமும் ஊதுபத்தியுமாக இறங்கினார்கள். அவள் கடைசியாக இறங்கினாள்.

சிமென்ட் யானை ஒன்றுக்குத் தும்பிக்கை உடைந்து கம்பி தெரிந்தது. திருமலையாண்டி கூடத்தைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார், கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா என்று கேட்டார், முடிஞ்சுது அண்ணாச்சி என்றாள். கண்ணாடி வெறிச்சென்று இருந்தது, ஆவி படிந்திருக்கவில்லை. இப்போதுதான் துடைச்சேன் என்று அவர் பின்னாலிருந்து சொல்லும் வரைக்கும் அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

கண்ணாடியைத் தூக்கி வைத்தாள். எட்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். ஈ உட்காராமல் இலைக்கு மேல் உள்ளங்கையை விரித்துப் பிடித்தாள். ஆவி கையில் பட்டது, சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை. மடியில் இருந்த சொம்பில் ரசம் எப்போதோ ஆறிப்போயிருந்தது.